நெட் எதுவரைக்கும் வந்தது? லினக்ஸில் டயல்-அப் பழுது பார்த்தல்

2003 கோடையில் ஒரு நாள், ராணிப்பேட்டையிலிருந்து என் பெரியப்பா மகன் போன் செய்தார். அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவர். எடுத்ததும், "டேய், இன்னாடா உன் லினக்ஸு, நெட் வர மாட்டேங்குது" என்றார். முந்தின வாரம்தான் அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரெட் ஹாட் 9 என்ற லினக்ஸை ஏற்றிக் கொடுத்துவிட்டு வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பியிருந்தேன்.

"எதுவரைக்கும் வந்துச்சுண்ணா?"

"எதுவரைக்கும்னா? வரலைன்னா வரலைதான்."

போன் லைனில் டயல் செய்து நெட்டைப் பிடிக்கும் டயல்-அப்பில் அப்படி ஒரேயடியாக 'வரலை' என்பது கிடையாது. பஸ் வரவில்லை என்றால் டிப்போவிலிருந்தே கிளம்பவில்லையா, வாலாஜாவில் பஞ்சராகி நிற்கிறதா, நம் ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டதா என்று கேட்போமே, அதே கேள்விதான் இங்கேயும். இணைப்பு பல படிகள் ஏறி வருகிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பழுது பாதி தீர்ந்த மாதிரி. தெரியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். நான் பார்த்த பழுதுகளில் பாதி, முதல் பழுதைச் சரிசெய்யப் போய் உண்டான பழுது.

அண்ணனோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த ஆபீஸில் வெளி லைன் ஒன்றே ஒன்றுதான். என்னோடு பேசிக்கொண்டே டயல் செய்து பார்க்க முடியாது. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போனை வைக்க வேண்டும், முயன்று பார்க்க வேண்டும், திரையில் வந்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், மறுபடி வேலூருக்கான 95416 போட்டு என்னைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு மதியத்தில் ஏழெட்டு தடவை கூப்பிட்டிருப்பார்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்கிற மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். கருப்புத் திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சரி, மோடம் என்ன செய்கிறது? தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் அதில் ஒழுங்காகப் போகும். கம்ப்யூட்டரின் ஒன்றையும் பூஜ்யத்தையும் அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவதும், எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது இணையம் தரும் நிறுவனத்தின் மோடத்திலிருந்து, வரும் ஒலியைத் திரும்ப எண்களாக்குவதும்தான் மோடத்தின் வேலை. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டபோது வீடுகளுக்கு அது வந்தது இந்தக் கம்பி வழியாகத்தான். 1998-இல் வந்த வி.90 என்ற முறையில் இறங்கும் வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 56 கிலோபிட், ஏறும் வேகம் 33.6. 56-ஐ எட்டால் வகுத்தால் 7 கிலோபைட். அதுவும் கம்பி சுத்தமாக இருந்தால்தான். நல்ல நாளில் 5 கிலோபைட் கிடைக்கும், 3 எம்பி பாட்டு ஒன்றை இறக்கப் பத்து நிமிடம் ஆகும்.

படிகளுக்கு வருவோம். முதல் படி, லினக்ஸும் மோடமும் பேசிக்கொள்வது. இதில் போன் லைனுக்கு வேலையே இல்லை, கம்பியைப் பிடுங்கிவிட்டுக்கூடச் சோதிக்கலாம். மோடத்துக்கென்று ஒரு குட்டி மொழி உண்டு. கிட்டத்தட்ட எல்லாக் கட்டளையும் ஏ.டி. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். வெறுமனே ஏ.டி. என்று அனுப்பினால், உயிரோடு இருக்கும் மோடம் 'ஓகே' என்று பதில் தரும். மினிகாம் என்ற நிரலைத் திறந்து நாமே தட்டிப் பார்க்கலாம். டபிள்யூவிடயல்-கான்ஃப் என்ற கட்டளையை ஓட்டினால் அதுவே மோடத்தைச் செருகும் ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டி, எது பதில் சொல்கிறது என்று பார்த்து, அமைப்புக் கோப்பையும் எழுதி வைத்துவிடும். விண்டோஸில் காம்1 என்று சொல்வது இங்கே டிடிஒய்எஸ்0, காம்2 என்பது டிடிஒய்எஸ்1. ஒன்றிலிருந்து எண்ணிப் பழகியவர்கள் இந்த இடத்தில் ஒரு தடவையாவது தவறான போர்ட்டைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியிருப்பார்கள்.

'ஓகே' வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோடத்தின் சாதியை. இதில் நான் சூடுபட்டவன். வேலூரில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய என் முதல் கம்ப்யூட்டரில், "இன்டர்னல் மோடம் ஃப்ரீ சார்" என்று ஒரு அட்டையைச் செருகிக் கொடுத்தார்கள். விண்டோஸில் ஓடியது. லினக்ஸில் செத்த பல்லி மாதிரி கிடந்தது. ஒரு மாதம் என் அறிவின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பிறகுதான் தெரிந்தது, அது பாதி மோடம். ஒலியைக் கணக்குப் போட்டு எண்ணாக்கும் சிப்பைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டு, அந்த வேலையைக் கம்ப்யூட்டரின் பிராசசர் தலையில் கட்டும் அட்டை. கட்டுவதற்கு ஒரு டிரைவர் வேண்டும், அதை விண்டோஸுக்கு மட்டும்தான் எழுதியிருந்தார்கள். அதனால்தான் இதற்கு வின்மோடம் என்றே பெயர். லூசன்ட், கோனெக்சன்ட், ஸ்மார்ட்லிங்க் சிப்கள் சிலவற்றுக்கு மட்டும் பின்னால் லினக்ஸ் டிரைவர்கள் வந்தன. எல்எஸ்பிசிஐ என்று தட்டினால் அட்டையில் இருப்பது யாருடைய சிப் என்று தெரியும். என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான்: சீரியல் போர்ட்டில் சொருகும் எக்ஸ்டர்னல் மோடம் வாங்கிவிடுங்கள். காசு அதிகம்தான், ஆனால் தனக்கு வேண்டிய மூளை அதிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு முகப்பில் வரிசையாக விளக்கும் இருக்கும். ஓஹெச் எரிந்தால் ரிசீவரைத் தூக்கியாயிற்று, சிடி எரிந்தால் எதிர்ப்பக்க மோடத்தின் சத்தம் கிடைத்துவிட்டது. பாதிப் பழுதை விளக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மோடம் நல்லதாக இருந்தும் திறக்க முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அனுமதி. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற பயனராக நுழைந்தால் ஓடுகிறது, சாதாரணப் பயனராக ஓடவில்லை என்றால் உங்கள் பெயரை டெபியன் என்ற லினக்ஸில் டயல்-அவுட் குழுவிலும், அன்றைய ரெட் ஹாட்டில் யுயுசிபி குழுவிலும் சேருங்கள். போன தடவை பாதியில் கரன்ட் போயிருந்தால், 'இந்த போர்ட்டை ஒருவர் வைத்திருக்கிறார்' என்று சொல்லும் பூட்டுக் கோப்பு வார்-லாக் கோப்புறையில் மிச்சம் கிடக்கலாம். இந்த லாக் பூட்டு, பதிவேடு அல்ல. இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுத வேண்டியிருப்பது என் துரதிர்ஷ்டம்.

அண்ணனுக்கு எக்ஸ்டர்னல் மோடம். 'ஓகே' வந்தது. அதற்கடுத்த வரியை எழுதி வைத்திருந்தார்: 'நோ டயல்டோன்'.

இரண்டாவது படி இதுதான். மோடம் ரிசீவரைத் தூக்கியது, டயல் டோனுக்காகக் காத்திருந்தது, கேட்கவில்லை என்று கைவிட்டுவிட்டது. வீடாக இருந்தால் மோடம் கம்பியை ஒரு சாதாரண போனில் செருகிக் காதில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்றுமே கேட்கவில்லையா, போன் கம்பி வந்து சேரும் சுவர் ரோசெட் பெட்டியைப் பாருங்கள். அதே லைனில் உள்ள பேரலல் போனை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று உள் அறையையும் பாருங்கள். கரகர சத்தமா, கம்பியை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எங்கள் வீட்டு ஜாயின்ட் வென்டிலேட்டருக்கு வெளியே இருந்தது. ஐப்பசி மழையில் நனைந்தால் இரண்டு நாள் நெட் கிடையாது.

அண்ணன் போனில் சத்தம் நன்றாகவே கேட்டது. "கேக்குதுடா, ஆனா விட்டு விட்டு கேக்குது."

"வெளிய பேசணும்னா இன்னா பண்ணுவீங்க?"

"ஜீரோ போடுவோம்."

அங்கேதான் விஷயம். ஆபீஸில் இன்டர்காம் பெட்டி. ரிசீவரை எடுத்ததும் கேட்பது அந்தப் பெட்டி தரும் உள் டோன். எக்ஸ்சேஞ்ச் தருவது வேறு மாதிரி நீளமான டோன். நம் காதுக்கு இரண்டும் டோன்தான், மோடத்துக்கு ஒன்றுதான் டோன். இதற்கு ஏடிஎக்ஸ்3 என்று ஒரு கட்டளை உண்டு: டோனுக்குக் காத்திருக்காதே, கண்ணை மூடிக்கொண்டு டயல் செய். அதைத் தொடக்கக் கட்டளை வரிசையில் சேர்க்கச் சொன்னேன். எண்ணுக்கு முன்னால் பூஜ்யமும், அதன்பின் இரண்டு காற்புள்ளியும் போடச் சொன்னேன். மோடத்தின் மொழியில் ஒரு காற்புள்ளி என்றால் இரண்டு விநாடி பொறு என்று பொருள். இலக்கண ஆசிரியர்கள் சந்தோஷப்படலாம், காற்புள்ளிக்கு இவ்வளவு மரியாதை தரும் இயந்திரம் இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது படியை நீங்கள் காதாலேயே கேட்கலாம். அந்த கீச்சும் இரைச்சலும்தான். பலரும் எரிச்சலாக இருக்கிறது என்று ஏடிஎம்0 போட்டு மோடத்தின் ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள். பழுது பார்க்கும்போது தயவுசெய்து அணைக்காதீர்கள். எதிர்ப்பக்கம் போனை எடுத்ததும் ஒரு நீண்ட ஒற்றைக் கூவல் வரும், அது 2100 ஹெர்ட்ஸ். வழியில் எதிரொலியைத் தடுக்கும் கருவிகள் இருந்தால், 'இது மனிதப் பேச்சு அல்ல, ஒதுங்கிக்கொள்' என்று அவற்றுக்குச் சொல்லும் சங்கு. அப்புறம் இரண்டு மோடமும் உனக்கு எந்த முறை தெரியும், எனக்கு இது தெரியும் என்று பேசிக்கொள்ளும். அப்புறம் வரும் அந்த 'ஷ்ஷ்ஷ்' இரைச்சலில் கம்பியின் தரத்தை அளந்து எவ்வளவு வேகம் தாங்கும் என்று முடிவு கட்டும். இந்த ஒலிகள் வராமல் "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று ஒரு பெண்குரல் வந்தால், ஸ்பீக்கரை அணைத்திருந்தவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். இரைச்சல் திரும்பத் திரும்பத் தொடங்கி, கடைசியில் 'நோ கேரியர்' என்று முடிந்தால் கம்பியில்தான் கோளாறு, லினக்ஸை நோண்டிப் பயனில்லை. 'பிஸி' என்றால் எல்லோரும் அதே நேரத்தில் டயல் செய்கிறார்கள், பொறுத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியானால் திரையில் 'கனெக்ட் 115200' என்று வரும். அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "ஒரு லட்சத்துக்கு மேல ஸ்பீடு காட்டுதுடா!" என்று குதித்தார். அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள ஒரு முழக் கம்பியின் வேகம். தெருக் கம்பியில் ஓடுவது 56-க்குக் கீழேதான்.

நான்காவது படியில்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுவார்கள். திரையில் ஒரு நெளிகோடு, வளைவு அடைப்புக்குறிகள், ஆச்சரியக்குறிகள் என்று குப்பை மாதிரி ஒரு வரி வரும். வைரஸோ என்று கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டவரை எனக்குத் தெரியும். உண்மையில் அந்த வரியைப் பார்த்தால் நிம்மதியாகப் பெருமூச்சு விடலாம். இணையத் தகவலைத் தொலைபேசிக் கம்பியில் பொட்டலம் கட்டி அனுப்பும் முறைக்கு பிபிபி என்று பெயர். அந்தப் பொட்டலங்களின் தலையிலும் வாலிலும் வருவது அந்த நெளிகோடு. எதிர்ப்பக்கத்து சர்வர் பேசத் தொடங்கிவிட்டது, பதிலுக்கு நம் பக்கம் பிபிபிடி என்ற நிரல் எழுந்து பேச வேண்டும், அவ்வளவுதான். நமக்காக டயல் செய்யும் டபிள்யூவிடயல் என்ற நிரல் அந்தக் குறியைக் கண்டுகொண்டால் தானே பிபிபிடியை எழுப்பிவிடும். சில சமயம் அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வரிக்காக வெறுமனே காத்துக்கொண்டு நிற்கும். அப்போது அமைப்புக் கோப்பில் 'ஸ்டுபிட் மோட்' என்ற வரியில் 1 போட்டால், எதற்கும் காத்திராமல் நேராக பிபிபிடியை எழுப்பும். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பல இடங்களில் இந்த முட்டாள்தனம்தான் வேலை செய்தது.

பிபிபிடி செத்தால் சும்மா சாகாது, ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சாகும். 7 என்றால் போர்ட்டையே திறக்க முடியவில்லை. 8 என்றால் டயல் செய்யும் கட்டம் தோல்வி. 10 என்றால் பேச்சுவார்த்தை முறிந்தது. 16 என்றால் எதிர்ப்பக்கமோ கம்பியோ இணைப்பை வெட்டிவிட்டது. 19 என்றால் பெயர் அல்லது கடவுச்சொல் தப்பு. பிராட்பேண்ட் காலத்தில் விண்டோஸில் 691 என்ற பிழையோடு மாரடித்தவர்களுக்குச் சொன்னால் புரியும், அதுவும் இதுவும் ஒரே இடத்துப் பழுது. பூட்டு அல்லாத, பதிவேடு என்று பொருள்படும் வார்-லாக் கோப்புறையில் மெசேஜஸ் என்ற கோப்பில் இவை எல்லாம் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படிக்கலாம், மீட்டர் ஓடாது. லினக்ஸில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

அண்ணனுக்கு 19 வந்தது. காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த பெயரை அப்படியே பெரிய எழுத்தில் தட்டியிருக்கிறார். சின்ன எழுத்துக்கு மாற்றியதும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த தடவை கூப்பிட்டபோது குரலில் கொஞ்சம் களைப்பு. "எல்லாம் ஓகேன்னு சொல்லுது. ஐபி அட்ரஸ்கூட வந்திருச்சு. ஆனா ஒரு பக்கமும் திறக்கலை."

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இங்கே எல்லாமே சரியாக இருக்கிற மாதிரி தெரியும். முதலில் இஃப்கான்ஃபிக் என்று தட்ட வேண்டும். பட்டியலில் பிபிபி0 என்று ஒன்று வந்து, அதற்கு ஒரு முகவரியும் எதிர்ப்பக்கத்து முகவரியும் இருந்தால், கம்பி முழுசாக இணைந்துவிட்டது. அடுத்து அந்த எதிர்ப்பக்கத்து எண்ணை பிங் செய்ய, அதாவது 'இருக்கிறாயா' என்று தட்டிக் கேட்க, வேண்டும். பதில் வந்தால், இணையத்தில் வேறெங்காவது உள்ள ஓர் எண்ணை பிங் செய்ய வேண்டும். அதுவும் வந்தால் கடைசியாகப் பெயரால் ஒரு தளத்தை. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி நம்மிடம் இல்லை. ஈ-டி-சி கோப்புறையில் ரிசால்வ்-கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் பிபிபிடிக்கு யூஸ்-பியர்-டிஎன்எஸ் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். கோப்பின் பெயரில் ரிசால்வுக்குக் கடைசியில் ஆங்கில 'இ' கிடையாது. 'இ' போட்டுப் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கி வைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று அரைநாள் யோசித்த ஆளை எனக்கு நன்றாகவே தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு எதிர்ப்பக்கத்து எண் பதில் சொன்னது. அதைத் தாண்டி எந்த எண்ணும் சொல்லவில்லை. மெசேஜஸ் கோப்பின் கடைசி வரிகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன். ஒரு வரியில் பிடி கிடைத்தது: ஏற்கெனவே ஈத்0, அதாவது நெட்வொர்க் கார்டு, வழியாக ஒரு டீஃபால்ட் ரூட் இருக்கிறது, அதை நான் மாற்றவில்லை என்று பிபிபிடி அடக்கமாகச் சொல்லியிருந்தது.

டீஃபால்ட் ரூட் என்றால், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாத பொட்டலத்தை எல்லாம் தள்ளிவிட வேண்டிய வாசல். அந்த ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்திருந்தார்கள், பிரின்டரைப் பகிர்ந்துகொள்ள. லினக்ஸ் ஏற்றும்போது நெட்வொர்க் கார்டுக்கு கேட்வே என்ன என்று கேட்டது. காலியாக விட வேண்டிய இடத்தில் யாரோ 192.168.0.1 என்று போட்டிருக்கிறார்கள். அதனால் அமெரிக்காவுக்குப் போக வேண்டிய பொட்டலமெல்லாம் கதவைத் திறந்து பக்கத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் இதற்கு என்ன செய்யும் பாவம். ரூட் டெல் டீஃபால்ட் என்று தட்டிவிட்டு மறுபடி டயல் செய்தால் போதும். நிரந்தரத் தீர்வுக்கு அந்த கேட்வே இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

"யாருடா அதைப் போட்டது?" என்றார் அண்ணன். லினக்ஸ் ஏற்றியது யார் என்று அவருக்கு உடனே நினைவு வரவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

டயல்-அப் போய்விட்டது, இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். பின்னால் யுஎஸ்பி டேட்டா கார்டு வந்தபோது அதை லினக்ஸில் ஓட்டியது இதே டபிள்யூவிடயல்தான். போர்ட்டின் பெயர் டிடிஒய்-யுஎஸ்பி0, டயல் செய்யும் எண் நட்சத்திரம்-99-ஹேஷ், மற்றதெல்லாம் அதே ஏ.டி., அதே ஓகே. பிராட்பேண்ட் ரவுட்டரில் பிபிபிஓஇ என்று எழுதியிருப்பதில் முதல் மூன்று எழுத்தும் நம் பழைய பிபிபிதான்.

இணைந்த பிறகு நடுவில் அறுந்துபோவது தனிக்கதை. கால் வெயிட்டிங் இருந்தால் யாராவது கூப்பிடும்போது விழும் 'பீப்' போதும், மோடம் குழம்பிவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் எதிர்ப்பக்கமே வெட்டிவிடும். இடி இடித்தால் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கரன்ட் பிளக், போன் கம்பி இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் போன் கம்பி வழியாக வந்து மோடத்தோடு மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோன வீடுகள் உண்டு.

கடைசி தடவை அந்தக் கட்டளையை எழுதிக்கொண்டு, "பாத்துட்டுச் சொல்றேன்" என்று அண்ணன் போனை வைத்தார். பத்து நிமிடம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று, கூப்பிடவில்லை. பொறுக்காமல் நானே ராணிப்பேட்டைக்குப் போட்டேன். எங்கேஜ்ட். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன், எங்கேஜ்ட். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அந்த லைன் எங்கேஜ்டாகவே இருந்தது.